கோ 39-க்கு என்ன குறைச்சல்?

ஜூன் மாசம் பாதி தாண்டினா போதும், உங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல அந்த மெசேஜ் வந்து விழுந்துடும். ‘மச்சான், குற்றாலத்துல தண்ணி விழுதாம்... எப்ப கிளம்பலாம்?’

வாங்க, தாராளமா வாங்க. பேரருவியில தலையைக் கொடுங்க. ஐந்தருவிக்குப் போய் க்யூவில நில்லுங்க. திரும்பும்போது செங்கோட்டை ரோட்டுல பார்டர் பரோட்டாவைப் பிச்சுப் போட்டு சால்னாவை ஊத்துங்க. மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிப் பையில போட்டுக்குங்க. எல்லாத்துக்கும் மேல, ரூம் வாசல்ல சும்மா நின்னு கையை நீட்டுங்க. மழைன்னும் சொல்ல முடியாது, பனின்னும் சொல்ல முடியாது... பூ மாதிரி வந்து முகத்துல ஒட்டும் பாருங்க, அதுதான் சாரல்.

அந்தச் சாரலைப் பத்தித்தான் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். நீங்க ‘வாவ்’னு செல்ஃபி எடுக்குற அதே நேரத்துல, அங்கிருந்து கொஞ்ச தூரத்துல, இலஞ்சிப் பக்கம் ஒரு வரப்பு மேல நின்னுக்கிட்டு ஒருத்தர் நெல்லு இலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டு இருப்பார். எங்க அப்பா. இலையில ஈரம் எப்ப காயும்னு பார்க்கிறார்.

எதுக்குன்னு கேட்டீங்கன்னா, 2018-க்குப் போகணும்.

அப்ப நான் பி.எஸ்சி. தாவரவியல் ரெண்டாவது வருஷம். (தென்காசி அப்ப தனி மாவட்டம் கூட ஆகலை. அது 2019 நவம்பர்லதான்.) எங்களுக்கு அங்க ரெண்டு ஏக்கர் வயல். தாத்தா காலத்துலேர்ந்து அதுல ஒரு வழக்கம். பெரிய பங்குல விக்கிறதுக்கு ஒரு நெல். ஓடையை ஒட்டின துண்டு வயல்ல வீட்டுச் சாப்பாட்டுக்குன்னு ஒரு சிவப்பு நெல். அந்தச் சிவப்பு நெல் ஓங்கி வளரும், காத்தடிச்சா சாயும், கிடைக்கிற மூட்டையும் கம்மி. ஆச்சி மட்டும் ‘கஞ்சின்னா இந்த அரிசிக் கஞ்சிதான்’னு சொல்லிக்கிட்டே இருப்பா.

விக்கிற நெல், அம்பை 16. எங்க பக்கம் கார் சாகுபடின்னா இந்தப் பேரைக் கேட்காம இருக்க முடியாது. 1937-ல ஆரம்பிச்ச அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல வெளியிட்ட ரகம். 110, 115 நாள்ல அறுப்புக்கு வந்துடும். குட்டையான குண்டு அரிசி. இன்னிக்குக் காலையில ஹாஸ்டல் மெஸ்ல நீங்க சாப்பிட்ட இட்லி கூட அந்த வீட்டுப் பிள்ளையா இருக்கலாம்.

அந்த வருஷம் எங்களுக்கு மரபியல் பேப்பர். நாலு வார்த்தை கத்துக்கிட்ட தெம்புல அப்பாவுக்கே பாடம் எடுக்க ஆரம்பிச்சேன்.

‘யப்பா, ரெண்டு ரகம் எதுக்கு? அறுப்பு மெஷின் ரெண்டு தடவை வரணும், ரெண்டு தடவை காயப்போடணும். எல்லாத்துலயும் அம்பை 16-ஐப் போட்டுருவோம்.’

‘தாத்தா வச்ச வழக்கம்லா மக்கா...’

‘தாத்தா மாட்டு வண்டியிலதான் தென்காசிக்குப் போனாவ. நீங்க பைக்குல போகலையா?’

அப்பா சிரிச்சுட்டார். பஞ்ச் டயலாக் அடிச்ச சந்தோஷத்துல எனக்குக் கால் தரையில படலை. ரெண்டு ஏக்கர்லயும் ஒரே ரகம். அதோட விட்டேனா? யூரியாவையும் ஒரு கை கூடப் போடச் சொன்னேன். ஜூலை முதல் வாரம் வயலைப் பார்க்கணுமே... பச்சைன்னா பச்சை, கரும்பச்சை!

அப்புறம் சாரல் பிடிச்சுது. வெயிலே காட்டாம, ஓங்கியும் பெய்யாம நாள் கணக்குல இழுத்துது. குற்றாலத்துல செம கூட்டம். எங்க வயல்ல முதல் புள்ளி. நடுவுல சாம்பல் நிறம், ஓரத்துல பழுப்பு, ரெண்டு முனையும் கூர்மையா, கண்ணை வரைஞ்சு வச்ச மாதிரி. நாலு நாள்ல அந்தக் கண்ணு ஆயிரம் கண்ணாச்சு. மருந்தடிச்சா சாரல் கழுவிட்டுப் போகுது. சாரல் விடட்டும்னு காத்திருந்தா புள்ளி பெருகுது. ஆகஸ்ட் கடைசியில கதிர் வாங்குறப்போ கழுத்துல கறுப்பு விழுந்து, கதிர் அப்படியே வெளுத்துப் போய் நட்டுக்குத்தா நின்னுது. கையில உருவிப் பார்த்தா அத்தனையும் சாவி. ஒரு மணி அரிசி இல்லை.

குலைநோய்.

வழக்கமா வர்ற மூட்டையில பாதி கூட வரலை. மருந்துக் கடை பாக்கிக்கும் மெஷின் வாடகைக்கும் ஆச்சியோட கம்மல் அடகுக்குப் போச்சு. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா கூடத் தேவலை. களத்துல நெல்லைக் கூட்டிக்கிட்டே, ‘ஓடை வய நெல்லு கெடந்திருந்தா சாப்பாட்டுக்காவது ஆயிருக்கும்’னு மட்டும் சொன்னார், யார்கிட்டயோ சொல்ற மாதிரி.

எனக்கு வந்த கோபமெல்லாம் நெல்லு மேல. ‘ரகமே வீக்குப்பா. அதுக்கு எதிர்ப்பு சக்தியே கிடையாது’ன்னேன். பழியைத் தூக்கி வாய் பேசாத பயிர் மேல போட்டாச்சு. இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய அபத்தம்னு புரிய எனக்கு மூணு வருஷம் ஆச்சு.

முதல்ல எதிராளியைப் பார்த்துடுவோம். மேக்னபோர்தே ஒரைசேன்னு பேர். பூஞ்சை. அதோட வித்து கண்ணுக்கே தெரியாது, மூணே மூணு செல். காத்துல வந்து இலையில ஒட்டும். முளைக்கணும்னா ஈரம் வேணும். வெயில் அடிச்சா காய்ஞ்சு போயிடும். அதுக்குத் தேவை மெல்லிசா விழுந்து மணிக்கணக்கா காயாம நிக்கிற ஈரம், கொஞ்சம் குளிர், மூடின வானம். அதாவது, சாரல்! நீங்க லீவு போட்டுட்டு வர்ற அதே சீசனுக்குத்தான் அதுவும் வருது.

முளைச்ச வித்து இலை மேல ஒரு கறுப்பு உருண்டையைக் கட்டும். மெலனின் பூசின சுவர். உள்ளே அழுத்தம் ஏறிக்கிட்டே போகும். 80 வளிமண்டல அழுத்தம் வரைக்கும் ஏறுதுன்னு 1991-ல அளந்திருக்காங்க. கார் டயர்ல நாம அடிக்கிற காத்தைப் போல சுமார் 40 மடங்கு! அந்த வேகத்துல ஒரு முளையை ஊசி மாதிரி இலைக்குள்ள இறக்குது. (குலைநோய்க்கு அடிக்கிற ட்ரைசைக்ளசோல் மருந்தோட வேலையே அந்த மெலனினைச் செய்ய விடாம தடுக்கிறதுதான். சுவர் இல்லேன்னா அழுத்தம் ஏது?)

இந்தியாவுல இந்த நோய் பதிவானது 1913-ல, நம்ம தஞ்சாவூர்ப் பக்கம். 1919-ல காவிரி டெல்டாவுல பெரிய சேதம். அப்ப யூரியா மூட்டையும் கிடையாது, குட்டை ரகமும் கிடையாது. வயல்ல நின்னது அத்தனையும் நாட்டு நெல்தான். அதனால ‘நாட்டு ரகம்னாலே நோய் அண்டாது’ன்னு யாராவது ஃபார்வர்டு அனுப்பினா கண்ணை மூடிக்கிட்டு நம்பிடாதீங்க.

சரி, செடி என்ன பண்ணுது? நமக்காவது ரத்தம் ஓடுது, வெள்ளை அணுக்கள் ரோந்து போகுது. செடிக்கு அதெல்லாம் இல்லை. ஒவ்வொரு செல்லும் தனித்தனிப் போலீஸ் ஸ்டேஷன். தன்னைத் தானேதான் காப்பாத்திக்கணும்.

வாசல்ல ஒரு காவல். பூஞ்சையோட உடம்புச் சுவர்ல கைட்டின்னு ஒரு பொருள் உண்டு. இறால் ஓட்டுல இருக்கிற அதே சரக்கு. அது பட்டதும் செல்லுக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற புரதங்கள் மணி அடிக்கும். இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. நெல்லுல செர்க் 1-னு ஒரு வாசல் புரதம் இருக்கு. பகைப் பூஞ்சை வந்தாலும் அதுதான் மணி அடிக்குது. வேர்ல மண்ணுலேர்ந்து பாஸ்பரஸ் கொண்டு வந்து கொடுக்கிற நட்புப் பூஞ்சை வந்தாலும் அதே புரதம்தான் கதவைத் திறக்க உதவுது. வந்திருக்கிறது மாமாவா, கடன்காரனான்னு மத்த அடையாளங்களை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

குலைநோய்ப் பூஞ்சை லேசுப்பட்டதில்லை. மணியை அமுக்குறதுக்குன்னே சில புரதங்களைச் செல்லுக்குள்ள அனுப்புது. அதைப் பிடிக்கத்தான் உள்ளே இரண்டாவது காவல். இந்தக் காவலாளிப் புரதங்களுக்கான மரபணுக்கள் நெல்லுல நானூறு ஐந்நூறு இருக்கும். ஆனா ஒவ்வொரு காவலாளிக்கும் தெரிஞ்சது ஒண்ணு ரெண்டு முகம்தான். தெரிஞ்ச முகம் உள்ளே வந்தா அந்த செல் தன்னையே கொன்னுக்கும். கூடவே திருடனும் காலி. இலையில ஊசி முனை அளவு பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான். தெரியாத முகம்னா? சாவி கதிர்தான்.

செடியில ஒரு மரபணு, கிருமியில அதுக்கு ஜோடியா ஒரு மரபணு. ரெண்டும் பொருந்தினாத்தான் எதிர்ப்பு. 1940-கள்ல அமெரிக்காவுல எச்.எச்.ஃப்ளோர்ங்கிறவர் ஆளி விதைச் செடியையும் அதோட துரு நோயையும் வச்சுக் கண்டுபிடிச்ச கணக்கு இது. இதெல்லாம் எனக்கு செமஸ்டர்ல பத்து மார்க் கேள்வி. எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். எங்க வயலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு மண்டையில ஏறவே இல்லை.

ஏறினது 2021-ல. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டிக்கிட்டிருந்தேன். அமெரிக்கா, பிரான்ஸ், பிலிப்பைன்ஸ்னு எங்க பார்த்தாலும் குலைநோய்க் கட்டுரைன்னா ஒரு பேர் வருது. கோ 39.

கோ-ன்னா கோயம்புத்தூர்! நம்ம ஊரு நெல்லு! இது மட்டுமா? அம்பை 16 யாரோட பிள்ளைன்னு தேடிப் பார்த்தேன். பெத்தவங்க ரெண்டு பேர். ஒண்ணு ஆடுதுறை 31. இன்னொண்ணு சாட்சாத் கோ 39. வெளிநாட்டுப் படத்துல நம்ம தெருக்காரரைப் பார்த்த மாதிரி காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அடுத்த நிமிஷமே காலர் இறங்கிடுச்சு. உலகம் பூரா அதை எதுக்கு வச்சிருக்காங்க தெரியுமா? அடி வாங்குறதுக்கு! ஒரு ரகத்துக்கு எதிர்ப்பு இருக்கான்னு சோதிக்கும்போது, பக்கத்துல கட்டாயம் நோய் வர்ற ரகம் ஒண்ணை நடணும். அது விழுந்தாத்தான் கிருமி ஒழுங்கா வேலை செஞ்சுதுன்னு அர்த்தம். வடிவேலு அடி வாங்கினாத்தானே வந்தவன் ரவுடின்னு நமக்கு நம்பிக்கை வரும்? அந்த வடிவேலு வேஷம் கோ 39-க்கு. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல கூட, எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொண்ணா ஏத்திப் பார்க்கிறதுக்கு வெறும் ஸ்லேட்டா இதைத்தான் வச்சாங்க.

‘பார்த்தியா, வீக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல’ன்னு நினைச்சுக்கிட்டே அடுத்த கட்டுரையைத் திறந்தேன். அங்க இருந்துச்சு இன்டர்வல் ட்விஸ்ட்.

குலைநோய்ப் பூஞ்சை நெல்லை மட்டும் பிடிக்கிறதில்லை. புல், கேழ்வரகு, கோதுமைன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வகை உண்டு. ஒரு வகைப் புல்லைத் தாக்குற பூஞ்சையில ஒரு புரதம் இருக்கு. அந்தப் புரதம் இருக்கிற பூஞ்சையை கோ 39 கிட்ட அனுப்பினா, நம்ம வடிவேலு ஒரே அடியில வீழ்த்துது! அதனாலதான் பூஞ்சையில இருக்கிற அந்த மரபணுவுக்கே கோ 39 பேரைச் சேர்த்து வச்சாங்க. 2013-ல பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சிக் குழு ஒண்ணு அந்தக் காவலாளி யாருன்னும் காட்டிடுச்சு. ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர். ஆர்ஜிஏ 4, ஆர்ஜிஏ 5. அஞ்சாம் நம்பர் ஆளோட உடம்புலயே ஒரு தூண்டில் இரை இருக்கு. பூஞ்சைப் புரதம் நெல்லுல வழக்கமா தேடிப் பிடிக்கிற பொருள் மாதிரியே ஒரு துண்டு. அதைக் கடிச்சா நாலாம் நம்பர் ஆளு அலாரம் அடிப்பாரு. என்னமா யோசிச்சிருக்கு பாருங்க, யோசிக்கவே தெரியாத ஒரு செடி!

அப்புறம் ஏன் விழுது? நெல்லைத் தாக்குற பூஞ்சை வகைகள்ல பெரும்பாலானதுகிட்ட அந்தப் புரதமே இல்லை. திருடன் முகத்தை மாத்திக்கிட்டான். காவலாளி இன்னமும் பழைய ஃபோட்டோவைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறார்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணி, மரபணு கிரபணு எல்லாம் விட்டுட்டு, திருடன் போலீஸ் கதையாச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், ‘அப்ப அது நோஞ்சான் இல்லடே. வேற திருடனுக்குல்லா காவல் நிக்கு’ன்னார்.

நான் பத்து மார்க்குக்கு நாலு பக்கம் எழுதினதை அப்பா ஒரு வரியில சொல்லிட்டார்.

‘பழைய ஃபோட்டோ வச்சிருக்கிற காவலாளி எதுக்கு?’ன்னு கேட்கத் தோணும். பிரேசில்ல கேட்கலை, அவங்களுக்குத் தெரியவும் தெரியாது. அங்க 1980-கள்ல ‘அனாவாக்’னு ஒரு கோதுமை ரகம் பரவலா விதைச்சாங்க. அதுக்கிட்ட ஒரு குறிப்பிட்ட காவலாளி மரபணு இல்லை. புல்லுல கிடந்த குலைநோய்ப் பூஞ்சை அந்தக் கதவு வழியா கோதுமைக்குள்ள நுழைஞ்சுது. 1985-ல பரானா மாநிலத்துல முதல்முறையா கோதுமைக் குலைநோய். கதவு இப்படித்தான் திறந்துச்சுன்னு தெரிஞ்சது 2017-ல. அதுக்குள்ள, 2016-ல, நோய் வங்கதேசம் வரைக்கும் வந்து சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமையைப் பதம் பார்த்துடுச்சு. ஒரே ஒரு பழைய காவலாளி இல்லாம போனதுக்கு!

இப்ப குற்றாலத்துக்குத் திரும்புவோம். செண்பகாதேவி அருவிக்குப் போற காட்டைக் கீழேயிருந்தாவது பார்த்திருப்பீங்க. (வனத்துறை அனுமதி இல்லாம ஏறிடாதீங்க, ப்ளீஸ்.) அந்தக் காடும் இதே சாரல்லதான் நனையுது. இன்னும் சொல்லப்போனா எங்க வயலை விட அதிகமாவே நனையுது. யாரும் மருந்தடிக்கிறதில்லை. ஆனாலும் மலை பச்சையாத்தான் நிக்குது. அங்க கிருமி இல்லாமலா இருக்கும்? ஏராளமா இருக்கு. ஆனா ஒரு மரத்தைத் திறந்த சாவி பக்கத்து மரத்துக்குச் சேராது. அது வேற இனம். அதே இனத்து மரம் தள்ளி ஒண்ணு நின்னாலும் அதுக்கிட்ட வேற காவலாளிகள் இருக்கலாம். 1970-ல டேனியல் ஜான்சன், 1971-ல ஜோசஃப் கானல்னு ரெண்டு பேர் தனித்தனியா ஒரே யோசனைக்கு வந்தாங்க. தாய் மரத்தடியிலயே விழுற விதைதான் அதிகம் சாகும், ஏன்னா அந்த இனத்தோட எதிரிகள் எல்லாம் அங்கதான் குடியிருக்காங்க. தள்ளிப் போய் விழுற விதை பிழைக்கும். காடு கலந்து கிடக்கிறதுக்கு இது ஒரு காரணம்னு சொன்னாங்க.

இதுக்கும் முன்னாடியே, 1949-ல, ஜே.பி.எஸ்.ஹால்டேன் ஒரு கட்டுரை எழுதியிருக்கார். கிருமி எப்பவும் அதிகமா இருக்கிற வகைக்கு ஏத்த மாதிரிதான் தன்னைத் தீட்டிக்கும், அதனால அபூர்வமா இருக்கிறதே ஒரு பாதுகாப்புங்கிறது அதுல ஒரு வாதம். நோய்தான் உயிர்கள்ல இத்தனை வித்தியாசத்தை உண்டாக்கி வச்சிருக்குன்னு சொன்ன மனுஷன். பின்னாடி 1957-ல இந்தியாவுக்கே வந்து, இந்தியராகி, 1964-ல புவனேஸ்வர்ல இறந்தார்.

எங்க தாத்தா ஹால்டேனைப் படிச்சதில்லை. அவர் ரெண்டு நெல் போட்டது குலைநோய்க்குப் பயந்தான்னும் எனக்குச் சொல்லத் தெரியாது, கஞ்சிக்காகவும் இருக்கலாம். ஆனா ரெண்டு ஏக்கர் வயலுக்கு ரெண்டு பூட்டு போட்டு வச்சிருந்தார். நான் போய் எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டை மாட்டிவிட்டேன். அப்புறம் பூட்டு வீக்குன்னு திட்டினேன்!

மண்ணுக்கு மேல மட்டும்தான் இந்தக் கதைன்னு நினைக்காதீங்க. வேர்ல இன்னொரு உலகம். விதை நேர்த்தி பண்ணும்போது அப்பா சூடோமோனாஸ் பொடியைக் கலக்குவார், கிலோ விதைக்கு 10 கிராம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துல உருவான சரக்கு. அதுல இருக்கிறது பாக்டீரியா. வேர்ல குடியேறி, செடியை ‘உஷாரா இரு’ன்னு முன்கூட்டியே தட்டி எழுப்பி வைக்கும். இலையில கிருமி வரும்போது செடி கொஞ்சம் சீக்கிரமா முழிச்சுக்கும். அப்படின்னா வேர்ல யாரைக் குடிவைக்கிறதுங்கிறதும் முக்கியம்தானே? அதையும் மரபணு கொஞ்சம் தீர்மானிக்குது. 2019-ல சீனாவுல ஒரு ஆய்வு வந்துச்சு. நம்ம இண்டிகா வகை நெல்லையும் ஜப்பான் பக்கத்து ஜப்போனிகா வகையையும் ஒரே வயல்ல வளர்த்துப் பார்த்தாங்க. மண்ணு ஒண்ணு, தண்ணி ஒண்ணு. ஆனா இண்டிகா வேர்ல கூடின பாக்டீரியா கூட்டம் வேற. அதுல தழைச்சத்து சம்பந்தப்பட்ட வேலை செய்யுற கூட்டாளிகள் அதிகம். நைட்ரேட்டைச் சுமக்கிற ஒரு மரபணுவுல இருக்கிற வித்தியாசம் இதுக்கு ஒரு காரணம்னு கண்டுபிடிச்சாங்க. எதிரியை மட்டுமில்லை, ஃப்ரெண்ட்ஸையும் பரம்பரைதான் பாதி தேர்ந்தெடுக்குது. (நம்ம ஹாஸ்டல் ரூம்மேட் விஷயத்துல இந்த வசதி இல்லை.)

‘அப்ப எல்லா எதிர்ப்பு மரபணுவையும் ஒரே நெல்லுல ஏத்திட வேண்டியதுதானே பாஸ்?’னு நீங்க கேட்பீங்க. நானும் கேட்டேன். கொஞ்சம் செஞ்சிருக்காங்க. வியட்நாம்ல டெட்டெப்னு ஒரு நெல். அதுலேர்ந்து குலைநோய் எதிர்ப்பு மரபணு ஒண்ணை, இப்ப பிஐ 54-னு சொல்றாங்க, 2005-ல டெல்லியில டி.ஆர்.சர்மா குழுவினர் பிரிச்சு எடுத்தாங்க. அந்த பிஐ 54-ஐ நம்ம அம்பை 16-க்குள்ளேயும் ஆடுதுறை 43-க்குள்ளேயும் கொண்டு வந்திருக்காங்க, நம்ம தமிழ்நாட்டு விஞ்ஞானிகள். 2020-ல கட்டுரை வந்தது. கூடவே இலைக்கருகல் பாக்டீரியாவுக்கு எதிரா மூணு மரபணு. அதுல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது காவலாளியே இல்லை. அந்த பாக்டீரியா நெல்லுக்குள்ள புகுந்து சர்க்கரைக் குழாயைத் திருகித் திறந்து சாப்பிடும். இந்த வகை நெல்லுல அந்தத் திருகு இருக்கிற இடமே மாறிப் போயிருக்கு. வந்தவன் பட்டினி.

ஆனா காவலாளியைக் கூட்டிக்கிட்டே போறதுலயும் வம்பு இருக்கு. அரபிடாப்சிஸ்னு ஆராய்ச்சிக்கூடச் செடி ஒண்ணு. ஆரோக்கியமான ரெண்டு செடியைச் சேர்த்தா சில நேரம் பிள்ளை குள்ளமா, இலை கருகி நிக்கும். கிருமியே வரலை! அப்பா வழிக் காவலாளியும் அம்மா வழிக் காவலாளியும் ஒருத்தரை ஒருத்தர் திருடன்னு நினைச்சுக்கிட்டு அலாரம் அடிச்சதோட விளைவு. ஜெர்மனியில டெட்லெஃப் வைகல் ஆய்வுக்கூடத்துலேர்ந்து 2007-ல இதைச் சொன்னாங்க. பத்துப் பொருத்தம் பார்க்கிற நம்ம ஊர் ஜோசியருக்குக் கூட இது தட்டுப்பட்டிருக்காது.

இன்னொரு வழி, கலந்து நடுறது. சீனாவுல யுன்னான் மாகாணத்துல ஜு யூயோங் குழுவினர் செஞ்சு காட்டி, 2000-ல ‘நேச்சர்’ இதழ்ல வந்துச்சு. அங்க பசை அரிசிக்கு விலை அதிகம், குலைநோயும் அதிகம். எதிர்ப்பு உள்ள ஹைப்ரிட் நெல்லுக்கு நடுவுல அந்தப் பசை நெல்லை வரிசை விட்டு நட்டாங்க. பசை நெல்லுல நோய் 94 சதவீதம் குறைஞ்சுது. அதோட மகசூல் 89 சதவீதம் கூடுச்சு. ரெண்டு வருஷ முடிவுல குலைநோய்க்கு மருந்தடிக்கிறதையே விட்டுட்டாங்க. மரபணு ஒண்ணையும் யாரும் தொடலை, நட்ட இடத்தை மாத்தினதுதான்.

துள்ளிக் குதிச்சு அப்பாவுக்கு போன் பண்ணினேன்.

‘அவியோ கையால அறுக்காவளா, மெஷினா?’ன்னார்.

கட்டுரையை மறுபடி பார்த்தேன். பசை நெல் உயரமானது, அதை மட்டும் தனியா கையால அறுத்துக்குவாங்க. எங்க ஊர்ல அறுப்புக்கு ஆள் கிடைக்காமத்தானே மெஷின் வந்துச்சு? வரிசைக்கு வரிசை கலந்து நட்டா மெஷின் ரெண்டையும் ஒண்ணா அள்ளிப் போட்டுடும். வியாபாரி அதைத் தொடக்கூட மாட்டார். யுன்னான் வித்தையை அப்படியே இலஞ்சிக்கு இறக்குமதி பண்ண முடியாது. இப்ப எங்க வயல்ல பெரிய பங்கை வரப்பு போட்டு ரெண்டாப் பிரிச்சு ரெண்டு ரகம். ஒண்ணு அம்பை 16-தான், அதை விட அப்பாவுக்கு மனசு இல்லை. ஓடை வயல்ல மறுபடி சிவப்பு நெல். விதைக்கு எங்க சொந்தக்காரங்க வீட்டுக்கு ரெண்டு ஊர் தாண்டிப் போய் நான்தான் சுமந்துட்டு வந்தேன். வழியெல்லாம் ஆச்சி போன் பண்ணிக்கிட்டே இருந்தா, மூட்டை நனைஞ்சுடக் கூடாதுன்னு. யூரியாவுல நான் தலையிடுறதில்லை.

போன சீசனுக்கு என் எம்.எஸ்சி. நண்பர்கள் ஏழெட்டு பேர் வேன் பிடிச்சுக் குற்றாலம் வந்திருந்தாங்க. ஐந்தருவி க்யூவில நிக்கிறோம். எல்லாரும் முகத்தை வானத்துக்குக் காட்டிக்கிட்டு சாரல்ல சொக்கிப் போய் நிக்கிறாங்க. பாக்கெட்ல போன் அடிச்சுது.

‘மக்கா, மணி பத்தாச்சு. இன்னும் எலை காயல.’

‘புள்ளி இருக்காப்பா?’

‘மேல வயல்ல அங்கங்க இருக்கு. ஓடை வய சுத்தமா இருக்கு. கீழ வயலுக்கு இப்பதான் போறேன்... இரு, வைக்காத.’

வரப்புல அவர் நடக்குற சத்தம் மட்டும் கேட்டுது. க்யூ நகர்ந்துச்சு. நான் பின்னால இருந்தவருக்கு வழி விட்டுட்டு ஓரமா ஒதுங்கி நின்னேன்.